துண்டுக்கு அடியில் பிப்ரவரி

"பொங்கலுக்கு வேணாம்னா வேணாம்! தேதிய மாத்து!"

தனகோடி மேசையில் தட்டிய தட்டில் டீ கிளாஸ் ஒரு குதி குதித்தது.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டிராவல்ஸ் ஆபீஸ் அது. முதலாளி ஜான்சன். டிக்கெட் போடுகிற பெண் ஜாஸ்மின். தனகோடியை இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். தோல் மண்டியில் முப்பது வருஷத் தரகர். கால் கிலோ கத்திரிக்காய்க்கும் கால் மணி நேரம் பேரம் பேசுகிற ஆள்.

பக்கத்தில் அவர் மனைவி சௌந்தரம். ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தையல் மெஷின் முன்னால் குனிந்திருந்துவிட்டுப் போன மாசம்தான் வேலையை விட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தமானில் கடல் ஆமை கரையேறி முட்டை போடுவதை ஒரு தடவை பார்க்கணும்.

"அண்ணே, ஆமை வர்றதே டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான்" என்றான் ஜான்சன். "பொங்கல் லீவுல இருபத்திநாலு பேர் கெளம்பறாங்க. போன பொங்கலுக்கு உங்க தோஸ்த் நிசார் அஹமது பாய் வந்தாரே, வீடியோ காட்டலையா?"

"காட்டினாரு. அதைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பிப்ரவரில போடு."

"பிப்ரவரில எவன் வருவான்? பசங்களுக்குப் பரீட்சை. கூட்டமே இருக்காது."

"அதான் எனக்கு வேணும்."

ஜாஸ்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் கம்மி என்றால் ரேட்டும் கம்மி. மனுஷன் கணக்கு அதுதான்.

"சார், பொங்கலுக்கே போங்க சார். கிட்டப் போய் ஆமை முதுகைத் தொட்டே பாக்கலாம், செல்ஃபி எடுக்கலாம். அம்மா ஆசையா கேக்கறாங்க. அவங்களுக்காகவாவது..."

"நீ சும்மா இரு பாப்பா! தொட்டுப் பாக்கறாங்களாம், தொட்டு!"

"அந்தப் பொண்ணு மேல ஏங்க பாயறீங்க?" என்றார் சௌந்தரம். "எனக்கு எப்பன்னாலும் சரி. ஆனா செலவு ஜாஸ்தின்னா நான் வரல. ஏலகிரிக்குப் போய்ட்டு வந்துடலாம்."

தனகோடி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உருவினார்.

"இன்னா ஜான்சன், உங்கப்பன் மண்டியில இருந்த ஆளுதானே? கையைக் குடு."

மண்டியில் பேரத்தை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்துப் பிடித்தே பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

தனகோடி குனிந்து ஜான்சனின் காதில் முதலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு துண்டு இரண்டு கைகளையும் மூடியது.

ஜான்சன் முதலில் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய் வியர்வை வந்தது.

"அண்ணே, அநியாயம்ணே!"

"பேசாத. விரலைப் பாரு."

"இவ்ளோ எறங்கினா எப்படிண்ணே?"

"இன்னும் ரெண்டு எறங்கு."

அஞ்சு நிமிஷம் இப்படியே போயிற்று; நடுநடுவே தனகோடி ஜான்சனின் காதில் ஏதோ முணுமுணுத்தார். கடைசியில் ஜான்சன் தலையாட்டினான்.

"படிஞ்சுதா?" என்று கேட்டார் சௌந்தரம்.

"எங்கிட்டப் படியாம எங்க போவான்? சல்லிசா முடிச்சுட்டேன். வா, பூ வாங்கித் தர்றேன்."

இருவரும் படியிறங்கியதும் ஜாஸ்மின் வெடித்தாள்.

"பொண்டாட்டி ஒரே ஒரு ஆசை கேட்டா, அதுலயும் பேரமா? எவ்ளோ சார் கொறைச்சாரு?"

"ரூபால ஒண்ணும் கொறைக்கல" என்றான் ஜான்சன், கையை உதறிக்கொண்டே. "காதுல அவர் மொதல்ல சொன்ன வார்த்தை ‘ஆளு’. இருபத்திநாலு பேரை ஆறு பேரா ஆக்கிட்டாரு. அந்த ஆறு பேரும் காட்டிலாகா ஆள் காட்டற எடத்துல உக்காரணும். டார்ச் கூடாது, போன் கூடாது."

"ஆறு பேருக்கு ஒரு படகு, ஒரு வண்டியா? கட்டுமா சார்?"

"மீதி பதினெட்டு பேர் பங்கை அவரே தர்றாரு. அது தெரிஞ்சா அந்த அம்மா ஏலகிரிக்கே போயிடுவாங்க. அதுக்குத்தான் துண்டு."

ஜாஸ்மின் படியிறங்கிப் போனவர்களை எட்டிப் பார்த்தாள்.

"நிசார் பாய் வீடியோவுல என்ன இருந்துச்சு தெரியுமா? நம்ம ஆளுங்க எல்லாரும் சுத்தி நின்னு லைட் அடிச்சதுல, அந்த ஆமை முட்டை போடாமலே கடலுக்குத் திரும்பிடுச்சு. ‘பாவம், வயித்துச் சுமையோட எங்க போச்சோ’ன்னு அந்த அம்மா ரெண்டு நாள் சோறே சரியா திங்கலையாம்."

"அப்ப நம்ம பொங்கல் டூர்?"

"அதுல இனிமே ஆமைக் கரையே கெடையாது. அதையும் சேத்துத்தான் அடிச்சிட்டுப் போறாரு. மீறினா மண்டி முழுக்க என் பேரை நாறடிச்சிடுவாராம்."

வாசலில் நிழல் விழுந்தது.

"என்ன, என் தலையைத்தான் உருட்டறீங்களா? துண்டைக் குடு, மறந்துட்டேன்."

ஜாஸ்மின் துண்டை எடுத்து நீட்டினாள். "மன்னிச்சிடுங்க சார். ஆனா தொட்டுப் பாக்கலாம்னு சொன்னதுக்கு மட்டும் ஏன் அவ்ளோ கோவம்?"

தனகோடி வலது கையை விரித்துக் காட்டினார். தோலுக்குப் போடும் உப்பு ஏறி ஏறி உள்ளங்கை வெடித்திருந்தது.

"முப்பது வருஷமா செத்ததைத் தடவித் தடவியே வெல சொன்ன கை பாப்பா இது. உசுரோட இருக்கற ஒண்ணையாவது தொடாம விடட்டும்."