பின்வரிசைக் குரல்

“அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் திருவிழாவுக்கு நீங்க பாட வேணாம்.”

ஒருவழியாகச் சொல்லிவிட்டாள் ஹெலினா. பாரிவாக்கம் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு அவள் பொறுப்பேற்ற பிறகு வரும் முதல் திருவிழா. ஆயரே வந்து பூசை வைக்கப் போகிறார். அன்றைக்குப் பார்த்து ஒரு குரல் மட்டும் தறிகெட்டு ஓடினால் மானம் போகுமா, போகாதா?

“இன்னாமா, இப்புடி சொல்லிட்டே?” என்றார் பாஸ்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினோடு போட்டி போட்டே பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

“நானும் எத்தனை தடவைதான் சொல்றது? ஒவ்வொரு பாட்டுலயும் பின்வரிசையில சுருதி போகுது. கீபோர்டை விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா, நீங்க கையைத் தூக்கிட்டு ‘நான்தாம்மா, மன்னிச்சுக்கோ’ன்னு நிக்கிறீங்க. அடுத்த வரியிலயே திரும்பவும் போகுது.”

“தொண்டை அப்புடிம்மா. நான் இன்னா பண்றது?”

“அதான் சொல்றேன். கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுங்க அதுக்கு.”

பாஸ்கல் தலையைச் சொறிந்தார். “ரிச்சர்டு பாடுவான்ல?”

“என்ன கேள்வி இது? அவர் இல்லாம ஒரு குழுவா?”

“அப்போ ஒண்ணு பண்றேன். அவன் பக்கத்துல சும்மா நின்னுக்கிறேன். வாயே தொறக்க மாட்டேன். மாதா சத்தியமா!”

ஹெலினாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இந்த வயதில் பாட்டு மேல் இவ்வளவு ஆசையா! ஆனால் ஆயர் முன்னால் பாவ புண்ணியம் பார்க்க முடியுமா?

“வேணாம் அங்கிள். நின்னா உங்களால பாடாம இருக்க முடியாது. வாசல்ல தோரணம் கட்ட ஆளில்லையாம். அதைப் பாருங்களேன்.”

பாஸ்கல் போனார். போகிறவர் நேராகப் போகவில்லை. நின்று, திரும்பி, எதையோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ரிச்சர்டு வந்தார். பாஸ்கலோடு ஒரே பிரஸ் ஷாப்பில் காலம் தள்ளி, ஒன்றாக ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஒரு காலத்தில் இவர் பாட்டைக் கேட்கவே பூந்தமல்லியிலிருந்து ஆட்கள் வருவார்களாம்.

“பாஸ்கல் எங்கம்மா?”

“அவரை இந்தத் தடவை பாட வேணாம்னு சொல்லிட்டேன் அங்கிள்.”

“இன்னாது?”

கோயில் முற்றத்தில் பந்தல்காரர்கள் போட்ட சத்தத்தில் ஹெலினா அதையே உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ரிச்சர்டு முகம் வாடிவிட்டது. “முன்னல்லாம் ஜோராத்தாம்மா பாடிக்கினு இருந்தான். இப்பத்தான் கொஞ்ச நாளா இப்புடி. வயசாவுதுல்ல? அவனுக்காவது ஊட்ல பேரன் பேத்திங்க கீது. என்னை மாதிரி ஆளா இருந்தா இன்னா ஆவுறது? ஊட்டம்மா போனதுக்கப்புறம் எனக்கு இருக்கிறதே இந்தப் பாட்டு ஒண்ணுதான். இதுக்கோசரம்தான் ஞாயித்துக்கெழம எழுந்து சட்டையை இஸ்திரி போடுறேன். நாளைக்கு நீ என்னை நிறுத்திட்டேன்னு வை, நான் கதவையே தொறக்க மாட்டேன்.”

“உங்களைப் போய் யாராவது நிறுத்துவாங்களா அங்கிள்? போய் நில்லுங்க.”

ஒத்திகை தொடங்கியது. கீபோர்டுக்கு எதிரே பக்கவாசல். அதன் வழியே பார்த்தால், ஏணி மேல் பாஸ்கல் தெரிந்தார். இரண்டு கையிலும் காகிதத் தோரணம், பல்லில் இறுக்கிக் கவ்விய நூல்கண்டு. மனிதர் தோரணத்தைப் பார்க்காமல் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை விட்டால்தானே என்று நினைத்துக்கொண்டாள் ஹெலினா.

முதல் சரணம் வழுக்கிக்கொண்டு போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

இரண்டாவது சரணத்தில், பின்வரிசையில், அதே குரல் சுருதியை விட்டு இறங்கியது.

ஹெலினாவின் விரல்கள் நின்றன. அவள் கண் இன்னும் ஏணி மேலேயே இருந்தது. பாஸ்கல் அவசர அவசரமாக நூல்கண்டைத் துப்பினார். அது படியெல்லாம் உருண்டு முற்றத்தில் ஓட, தோரணத்தோடு கையைத் தூக்கிக் கத்தினார்:

“நான்தாம்மா! மன்னிச்சுக்கோ!”

ஹெலினா மெல்லத் திரும்பினாள். கீபோர்டு நின்றிருந்தது. குழு மொத்தமும் நின்றிருந்தது. பின்வரிசையில் ரிச்சர்டு மட்டும், கண்ணை மூடி, தலையை ஆட்டி, தாளம் பிசகாமல், சுருதி சுத்தமாகப் பிசகி, ஆனந்தமாகப் பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் நிறுத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

ஹெலினா மறுபடி வெளியே பார்த்தாள். வாசலில் பாஸ்கல் ஏணியிலிருந்தபடியே அவளைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

ஆயர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்!

“பாஸ்கல் அங்கிள், தோரணத்தை யாராவது கட்டிப்பாங்க. நீங்க வந்து உங்க இடத்துல நில்லுங்க” என்று கூப்பிட்டாள்.

அப்போதுதான் கண்ணைத் திறந்த ரிச்சர்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். “ஏம்மா நிறுத்திட்டே? மறுபடியும் யாராச்சும் தப்பா பாடிட்டாங்களா?”

ஏணியிலிருந்து பாஸ்கல் வாயைத் திறப்பதற்குள், ஹெலினா கையைத் தூக்கினாள்.

“நான்தான் அங்கிள், மன்னிச்சுக்கோங்க.”