பாதியாய்ச் சுண்டிய தண்ணீர்

"பாதியாச் சுண்டுற வரைக்கும் காய்ச்சினேன்க்கா. இதுல இன்னும் என்ன இருக்கப்போவுது?" என்கிறாள் ஹமீதா பானு. அவள் மடியில் இரண்டு மாதக் குழந்தை, அந்தத் தண்ணீரில் மாவுப்பால் கரைத்த புட்டியைச் சப்பிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் அடுத்த வேளைக்கான தண்ணீர் கொதிக்கிறது. ஆவி ஜன்னல் வெயிலில் ஏறி, அரசாங்கம் கொடுத்த டிவியின் மேல் காயும் குட்டிச் சட்டைகளைத் தொட்டுக் கலைகிறது. வெளியே அடிகுழாய், அதை ஒட்டி, உரம் தின்று கரும்பச்சையாக நிற்கும் குறுவைப் பயிர். "கிருமி செத்திருக்கும், பானு. வயலுக்குப் போட்ட உரம் நிலத்துல இறங்கி இந்தக் குழாய்த் தண்ணியில வருது. அது ஆவியாப் போவாது. சுண்டச் சுண்ட அதிகமாத்தான் ஆவும். கைப்புள்ள ரத்தத்துக்கு அது ஆவாது," என்கிறார் செவிலியர் சௌந்தரநாயகி. "துபாய்லேர்ந்து மச்சான் கேட்டாங்க. கசாயம் மாதிரி காய்ச்சுறேன்னேன், ஒரே சிரிப்பு. புள்ள ரெண்டு நாளா அழுவறதேயில்லக்கா, தங்கம்," என்கிறாள் பானு. டம்ளரில் இருக்கும் தண்ணீர் அவ்வளவு தெளிவு, அதன் வழியே பயிரின் பச்சை தெரிகிறது. சௌந்தரநாயகி குழந்தையின் விரல்களை வெளிச்சத்துக்குத் திருப்புகிறார். நகங்களிலும் உதட்டிலும் நாவற்பழச் சாறு பட்டதுபோல நீலம் ஓடியிருக்கிறது. குழந்தை கண்மூடி உறிஞ்சுகிறது. அவர் கையை நீட்டுகிறார். "பானு, அந்தப் புட்டிய எங்கிட்ட கொடும்மா."