பதினோராம் கதவைத் திறந்தவர்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோ. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தவர்களுக்குத் தேவாலயப் பங்கின் செய்திமடல் வழங்கப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்கும் ஒளிவிழா அறிவித்தலுக்கும் நடுவில், சிறு செய்தி ஒன்று இருந்தது.

றெஜினோல்ட் பூசைக்குப் பிறகு கொடுக்கும் கோப்பிக்கு நிற்கவில்லை. மடலைச் சுருட்டி ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மனைவியையும் இழுக்காத குறையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வார நாட்களில் அவர் பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்பவர். மற்ற நேரத்தில், பிரித்தானியத் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளின் வரலாற்றைத் தொகுக்கும் இணையக் களஞ்சியத்தின் இரண்டு தலைமைப் பதிப்பாளர்களில் ஒருவர். மற்றவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறார்.

எந்த நிகழ்ச்சியில் எந்த ஆண்டு மணியின் சத்தம் மாறியது, எந்தத் தொகுப்பாளர் எப்போது மீசையை எடுத்தார் என்பதையெல்லாம் லீட்ஸ்காரரே இவரிடம்தான் கேட்பார். றெஜினோல்ட் இன்றுவரை பிரித்தானியாவில் கால் வைத்ததில்லை.

அவரை உறுத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு பக்கம். ‘பதினோராம் கதவு’, கடைசி நிகழ்ச்சி, 1991. தொலைக்காட்சி நிறுவனம் அந்த ஒளிநாடாவை அழித்து அதன்மேல் உதைபந்தாட்டம் பதிந்துவிட்டது. வென்றவர் யார், கதவுக்குப் பின்னால் என்ன பரிசு இருந்தது என்ற இரண்டு கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன.

வென்றவர் அவருடைய வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி புளோறன்ஸ் கலியாணத்துக்கு முன் லண்டனில் மாமி வீட்டில் இருந்தவள். அந்தக் கதவைத் திறந்தது தான்தான் என்று போன வருடம், பிள்ளைகள் இருவரும் வீட்டைவிட்டுப் போனபிறகுதான், வாய் திறந்தாள்.

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“குட்டைச் சட்டையோடை ரீவியிலை நிண்டு துள்ளின பொம்பிளையை உங்கடை அம்மா மருமகளா எடுத்திருப்பாவே? வாயே திறக்கக் கூடாதெண்டு மாமி சொல்லிப்போட்டா.”

றெஜினோல்ட்டுக்கு ஒரு கணம் கண் கலங்கியது. அடுத்த கணம் கேட்டார்: “ஆதாரம்?”

“நான்தானே ஆதாரம்.”

“நீர் ஆதாரமில்லை. நீர் என்ரை மனிசி.”

பதிப்பாளரின் உறவினர் வாய்மொழியாகச் சொல்வது செல்லாது, அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்பது களஞ்சியத்தின் விதி. லீட்ஸ்காரர் ஒருமுறை தன் மச்சானை வெற்றியாளர் பட்டியலில் சேர்த்தபோது, அதை வெட்டி அந்த விதியை எழுதியவர் றெஜினோல்ட்தான்.

புளோறன்ஸ் சண்டை பிடிக்கவில்லை. கதவு மணிப் பலகையில் றெஜினோல்ட், வங்கி அட்டையில் றெஜினோல்ட், ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிடும்போதும் றெஜினோல்ட். “உங்கடை களஞ்சியத்திலையெண்டாலும் ஒருக்கா என்ரை பேர் வரட்டும்” என்று மட்டும் சொன்னாள். செய்திமடல் நடத்தும் வின்சென்ற்றிடம் தானே போய்க் கதையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த மடல்தான் இப்போது றெஜினோல்ட்டின் மேசையில் விரிந்தது. மேசை என்பது, கலியாணத்துக்கு வந்தபோது புளோறன்ஸ் லண்டனிலிருந்து கொண்டுவந்த பெரிய சிவப்பு சூட்கேஸ். இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்கவைத்து, அதன்மேல் மடிக்கணினி. களஞ்சியத்தின் பாதி அந்தச் சூட்கேசின் மேல் எழுதப்பட்டது.

அவர் வாசித்தார்.

‘எமது பங்கைச் சேர்ந்த திருமதி றெஜினோல்ட் அவர்கள் 1991ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியின் “பதினோராம் கதவு” போட்டியில், கடைசி நிகழ்ச்சியின் கதவைத் திறந்து வெற்றியீட்டியவர் என்பதை மகிழ்வுடன் அறியத்தருகிறோம். திரு. றெஜினோல்ட் அவர்களுக்கு எமது மனமார்ந்த வாழ்த்துகள்.’

வின்சென்ற்றுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அவவின்ரை பேர் எங்கை?”

“போட்டிருக்குத்தானே. வெறுமனே புளோறன்ஸ் எண்டு போட்டால் சனத்துக்கு ஆரெண்டு விளங்குமே? உமக்கு வாழ்த்தும் போட்டிருக்கு, பாத்தனீரே?”

திரையில் லீட்ஸ்காரரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. றெஜினோல்ட் அனுப்பிய மடலின் படத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்துவிட்டு அவர் காத்திருந்தார். பெயரை ஆதாரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும், ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. அதுவும் றெஜினோல்ட் எழுதிய விதி.

ஈரக் கையைத் துடைத்தபடி புளோறன்ஸ் பின்னால் வந்து நின்றாள்.

“போட்டாச்சே?”

“போடுறன்.”

வென்றவர்: திருமதி றெஜினோல்ட்.

லீட்ஸ்காரர் உடனேயே ஒப்புதல் தந்தார். இத்தனை கால உழைப்புக்கு றெஜினோல்ட்டைப் பாராட்டி இரண்டு வரியும் எழுதினார்.

புளோறன்ஸ் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தொண்ணூற்றொண்டிலை எனக்கு உங்களை ஆரெண்டே தெரியாதப்பா.”

றெஜினோல்ட்டின் காதில் அது விழவில்லை. அவருடைய கண் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது.

“கதவுக்குப் பின்னாலை என்ன இருந்தது? அதை நீர் சொல்லவேயில்லை.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய முழங்கை ஊன்றியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

“வின்சென்ற் அண்ணையைக் கேளுங்கோ. அச்சிலை வரட்டும்.”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

றெஜினோல்ட் மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பரிசு: தெரியவில்லை. ஆதாரம் தேவை.

அதைச் சேமித்தார். மடிக்கணினியை மூடி, பதினோராம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சிவப்பு சூட்கேசின் மேலேயே விட்டுவிட்டு, சாப்பிடப் போனார்.