பக்கத்தில் ஆள் இல்லாத அறை

"பக்கத்து ரூம்ல யாரு இருப்பா?"

ஹாஃபிஸா இந்தக் கேள்வியைக் கேட்டது இது ஆறாவது ஹோட்டலுக்கு. ஆறாவதையும் மூடினேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் டிராவல்ஸ். மதியம் மூன்று மணி. கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. ஹாஃபிஸா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் நூர் முகமது. பேகம்பூரில் தோல் வியாபாரம். அதிகம் பேசாத மனுஷன். நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

வியட்நாமில் தோல் கண்காட்சி. ஊரிலிருந்து நூர் முகமதோடு சேர்த்து ஐந்து வியாபாரிகள் போகிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே ஹோட்டல், ஒரே மாடி. எங்கள் ஊர்க்காரர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் அப்படித்தான். ஒருவர் ரூமில் ரைஸ் குக்கர், இன்னொருவர் ரூமில் ஊறுகாய். கைலியோடு வராந்தாவில் நடப்பார்கள். யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

கண்காட்சி முடிந்த பிறகு அந்த மாடி வேண்டாம் என்றார் ஹாஃபிஸா. அந்த ஹோட்டலும் வேண்டாம். இரண்டு நாள் தனியாக வேறு இடத்தில் இருக்க வேண்டும். அமைதியான ரூம்.

"அது கிடைச்சாத்தான் நான் பிளேன் ஏறுவேன் தம்பி. இல்லேன்னா என் டிக்கெட்டை இப்பவே கேன்சல் பண்ணிருங்க."

பதினாலு வருஷக் கல்யாணத்தில் முதல் வெளிநாடு. கேன்சல் என்று சொன்னபோதும் குரல் ஏறவில்லை.

முன்னால் காட்டிய நாலாவது ஹோட்டல் எனக்குப் பிடித்திருந்தது. எதிரிலேயே தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. எங்கள் கஸ்டமர்கள் அதைக் கேட்டுக் கேட்டு வாங்குவார்கள்.

"அப்ப நம்ம ஊரு ஆளுக வருவாக," என்றார் ஹாஃபிஸா. "அடுத்தது காட்டுங்க."

எது அமைதியான ரூம் என்று எனக்குத் தெரியும். சென்னையில் ஹோட்டல் புக்கிங் கால் சென்டர் ஒன்றில் மூன்று வருஷம் நைட் ஷிப்ட். வெள்ளைக்காரர்கள் தூங்க முடியவில்லை என்று ஹோட்டலிலிருந்து கூப்பிடுவார்கள். லிஃப்ட் சத்தம். பக்கத்து ரூம் டிவி. மேல்மாடியில் யாரோ நடக்கிற செருப்பு. ஒரு நாள் ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

ஏழாவது ஹோட்டலுக்கு நேராகப் போன் போட்டேன்.

ரூம் ரோட்டுப் பக்கம் இல்லை, பின்பக்கம். லிஃப்ட் வராந்தாவின் அந்தக் கோடியில். மேலே மொட்டை மாடி. ஒரு பக்கம் படிக்கட்டு. மறுபக்கம் பெட்ஷீட் அடுக்கி வைக்கிற அறை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல ஹாஃபிஸா ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"கீழ?"

மீட்டிங் ஹால். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"அப்ப ஆறு மணிக்கு மேலதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "சுவரு செங்கல்லா, பிளைவுட்டா? அதையும் கேளுங்க."

நைட் ஷிப்டில்கூட யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டேன். போனில் இருந்த பெண் சிரித்துவிட்டுச் செங்கல் என்றாள்.

"போடுங்க," என்றார் ஹாஃபிஸா.

எனக்குப் புரிந்துவிட்டது. பாஸ்போர்ட் பேப்பரில் கையெழுத்து வாங்க ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பதினாலு பேர். அறைக்கும் அறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒருவர் இருமினால் மூன்று பேர் தண்ணீர் கொண்டுவருவார்கள்.

புக்கிங் பக்கத்தில் சிறப்புக் கோரிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஹனிமூன் ஜோடி என்று அடித்தேன். கட்டிலில் பூ, ஒரு சின்ன கேக். இலவசம்தான்.

"கட்டில்ல பூப் போடச் சொல்லிருக்கேன் பாய். புதுமாப்பிள்ளை மாதிரி போயிட்டு வாங்க."

நூர் முகமது டீயைப் பார்த்தார்.

"அதை அழிங்க," என்றார் ஹாஃபிஸா. "நாங்க சண்டை போடப் போறோம்."

அழித்தேன்.

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை பெயர் சொல்வதுபோலச் சொன்னார். கல்யாணமான மறுவருஷம் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. ஆர்டர் பதிவுத் தபாலில் வந்தது. வீட்டு மருமகள் வேலைக்குப் போக மாட்டாள் என்று மாமியார் கையெழுத்துப் போடாமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இவுக வண்டிச் சாவியக் கையில வச்சுக்கிட்டு வாசல்லதான் நின்னாக. ஒரு வார்த்தை சொல்லலை. ஏன்னு பதிமூணு வருஷமாக் குசுகுசுன்னு கேக்குறேன் தம்பி. குசுகுசுன்னே ஏதோ சொல்றாக. கத்திக் கேட்டா வீடே வந்து நிக்கும். ஒரு தடவை வாயத் தொறந்து கேக்கணும்."

அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"இந்தா வந்துட்டேன் மாமி," என்று மெல்லச் சொல்லிக்கொண்டே எழுந்து வெளியே போனார்.

இரண்டு இரவு என்று போட்டு, பட்டனை அழுத்தப் போனேன்.

நூர் முகமது டீயை மேசைமேல் வைத்தார். வாசலை ஒரு தடவை பார்த்தார். என் பக்கம் குனிந்தார்.

"மூணாப் போடுங்க தம்பி," என்றார். "ரெண்டு நாளு அவளுக்கே சரியாப் போயிரும். நான் என்னைக்குக் கத்துறது?"