தலைகீழாக ஆறு கம்பி

காலையிலிருந்து குனிந்தே கிடந்ததில் கிட்டார் பழுதுபார்ப்பவருக்கு இடுப்பு கழன்று விழும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஆறு கம்பி பேஸ் கிட்டாரை அவர் மேசைமேல் கிடத்தினாள்.

"ஆறையும் தலைகீழா மாத்திக் கட்டுங்கண்ணே. என் வீட்டுக்காரரோடது."

"இடதுகைக்காரரா?"

"இல்லண்ணே, வலதுகைதான்."

"எத்தனை வருஷமா வாசிக்கிறார்?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு வருஷம் பழகின கை, இப்ப மாத்தினா சொன்ன பேச்சு கேட்குமாம்மா?"

"கேட்குது. மூணு மாசமா துடைப்பக்கட்டையை மாத்திப் பிடிச்சுப் பழகுறார். வீட்டை மட்டும் கூட்டுறதில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிட்டார் கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையைப் புதிதாக வைத்து, ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் பள்ளம் அராவி, ஆறையும் மாற்றி முறுக்கினார்.

சாயங்காலம் அவள் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் கிட்டாரை மாட்டி, வழக்கமாக இடது கை விரல்கள் அழுத்தும் கழுத்தை வலது கையால் பிடித்தான். பிறகு கால்சட்டைப் பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தான்.

நடுவிரலும் மோதிர விரலும் இல்லை.

மிச்சமிருந்த விரல்களால் தடிக்கம்பியைச் சுண்டினான். மேசையிலிருந்த திருகாணிகள் அதிர்ந்தன. தப்பும் தவறுமாகத்தான் வாசித்தான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"இனி வீட்ல எவ தூங்குவா?" என்று அவள் பூரித்துப்போய் அலுத்துக்கொண்டாள்.

"எப்படித் தம்பி ஆச்சு?"

"ஆலையில மெஷின் கோளாறுண்ணே. மெஷினை அன்னைக்கே சரி பண்ணிட்டாங்க. ரெண்டு விரலுக்கு நஷ்டஈடுதான் இன்னும் தரணும்."