கப்பின் அடியில் ஓர் அணில்

பீங்கான் கப்பில் படம் போடப் பழகும் வகுப்பு. எல்லோரும் வெளிப்புறத்தோடு முடித்துக்கொண்டார்கள். கடைசி மேஜை அம்மா மட்டும், தண்ணீரில் ஊறிய தாளிலிருந்து அச்சுப் பூக்களை நழுவவிட்டு வெளியே ஒட்டிய கையோடு, கப்புக்குள் தூரிகையை விட்டு அணில் வரைந்துகொண்டிருந்தார்.

"உள்ளே எதுக்கும்மா? யாரு பார்க்கப் போறா?" என்றாள் டீச்சர்.

"குடிச்சு முடிச்சா தெரியும்ல?"

"ஓ! பேரன் பால் குடிக்க அடம் பிடிக்கிறானா?"

"பாதியிலேயே வச்சிட்டு ஓடிடுவான். எவ்வளவு கெஞ்சினாலும் உட்கார மாட்டான்."

"எங்க வீட்டு வாலும் அப்படித்தான்!" டீச்சர் சிரித்தபடி எட்டிப் பார்த்தாள். "அணில் வால் ஏன் இவ்வளவு நீளம்? பாதிக் கப் வரைக்கும் ஏறி வந்திருக்கே!"

"பாதி குடிச்சதும் வால் தெரியணும். அப்போதான் மீதியைப் பார்க்கிறதுக்காவது உட்காருவான்."

"பலே! என்ன வயசு?"

"நாற்பத்திரெண்டு." அம்மா தூரிகையைக் கழுவினார். "பேரன் இல்ல டீச்சர், பையன். எப்பவாவது வருவான். வண்டிச் சாவியைக் கையிலேயே வச்சுக்கிட்டுத்தான் டீ குடிப்பான்."

டீச்சர் அலமாரியைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய கப்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.