கஜபதி சொன்ன அளவு

குட்டியைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி வந்து கஜபதியின் மடியில் போட்டான் பக்கத்து வீட்டுத் துளசிங்கம்.

"எவ்ளோ பெர்சா வளரும்னு பாத்து சொல்லுண்ணா. பெர்சாவும்னா இப்பவே திருத்தணி பஸ்ல தூக்கினு போயி மலையடிவாரத்துல உட்டுட்டு வந்துடறேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விடிந்ததும் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போடுகிற நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். பெரிய நாய் ஒன்று குறுக்கே பாய்ந்து இழையை அறுத்தால் பத்து நாள் பிழைப்பில் மண்.

ஊரில் எந்த வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தாலும் முதலில் கஜபதியிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் சொன்ன அளவு இதுவரை ஒரு விரற்கடைகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முன்னங்காலைத் தூக்கிப் பாதத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய பாதம். முட்டி புடைத்திருந்தது. கழுத்துத் தோல், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி தொளதொளவென்று கிடந்தது. தாய் தெரு நாய்தான். அப்பன், கல் குவாரி காண்ட்ராக்டர் வீட்டுச் சீமை நாய், சந்தேகமே இல்லை.

துளசிங்கத்துக்குப் பின்னால் அவன் மனைவி காஞ்சனா நின்றிருந்தாள். அந்தச் சித்திரை வெயிலிலும் முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்தியிருந்தாள்.

நெற்றி வியர்வையைத் துடைக்கத் துளசிங்கம் கையைத் தூக்கினான். காஞ்சனா சட்டென்று ஓரடி பின்வாங்கினாள்.

மடியில் இருந்த குட்டி உறுமியது.

கஜபதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மூன்று வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டி வருகிற சத்தம் அவருக்குத் தெரியும். கேட்டதும் தறியில் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே பலமாக அடித்து நெய்வார். புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று. இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"இது எங்க வளரப் போவுது? பூனைக்கு ரெண்டு விரக்கடை மேல வந்தா அதிகம். வெச்சிக்கோ" என்றார்.

துளசிங்கம் தலையாட்டிவிட்டு நடந்தான். காஞ்சனா குட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தை பிறந்த பிறகு கஜபதியின் பேச்சை ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம்.

காலையிலேயே காஞ்சனா தனியாக இந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். அப்போது அவர் உண்மையைத்தான் சொன்னார். இடுப்பு உயரம் வரும், வளர்த்தவர்கள் மேல் எவனும் கை வைக்க முடியாது, உன் வீட்டுக்காரன் இதை வைத்துக்கொள்ள விடமாட்டான் என்று.

அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தார். வாடவில்லை. அந்த உயரம் வர எத்தனை மாசம் ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

எட்டு மாசம் என்றார்.

காஞ்சனா விரல் விட்டு எண்ணினாள்.

"மார்கழி வரிக்கும்னா தாங்கிக்குவேண்ணா."